பொட்டு வைத்த பெட்டி

குலசிங்கம் ஓர் இடத்தில் ஐந்து நிமிடம் சேர்ந்தாற்போல் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. அன்று காலை ஆக்லாந்தின் லின்ஃபீல்டில், திருமாறன் வீட்டு கராஜுக்குள், சுவருக்கும் காருக்கும் நடுவே பதினோராவது தடவையாக நடந்துகொண்டிருந்தார். கையில் பாதி கடித்த ஃபீஜோவா பழம். அதைத் தின்னவும் இல்லை, கீழே வைக்கவும் இல்லை.

"எத்தினை மணி, பூங்கோதை?"

"பத்தே முக்கால் சார். போன தடவை நீங்க கேட்டப்ப பத்து நாப்பத்தி மூணு."

"மூண்டு மணிக்கு இன்னும் எவ்வளவு கிடக்கு?"

"நாலேகால் மணி நேரம். இதே வேகத்துல நடந்தீங்கன்னா கார் வேண்டாம், மவுண்ட் வெல்லிங்டன் வந்துரும்."

அவர் சிரிக்கவில்லை. என் நகைச்சுவைக்கு அவர் சிரிப்பதில்லை என்பது எங்கள் ஒப்பந்தத்தில் எழுதாத ஷரத்து.

நான் சென்னையில் பன்னிரண்டு வருடம் சர்வர்களுக்கு வைத்தியம் பார்த்தவள். ஆக்லாந்துக்கு வரவழைத்த கம்பெனி ஆள் குறைப்பு செய்தபோது முதலில் குறைந்த ஆள் நான்தான். குலசிங்கம் இன்சூரன்ஸ் க்ளெய்ம்களை விசாரித்துப் பழகியவர். இப்போது ஒடாஹுஹுவில் ஒரு சாப்பாட்டுக் கடைக்கு மேல்மாடியில் துப்பறியும் அலுவலகம் வைத்திருக்கிறார். அவருக்குக் கம்ப்யூட்டர் விளங்காது, எனக்கு மனிதர்கள் விளங்காது. அதனால் சண்டையில்லாமல் ஓடுகிறது.

கராஜ் மூலையில், பழைய மேசை ஓரமாக, எங்களைக் கூப்பிட்ட திருமாறன் நின்றுகொண்டிருந்தார். ஈப்போக்காரர், நாற்பத்திரண்டு வயது, மவுண்ட் வெல்லிங்டனில் ஒரு பெரிய கிடங்கில் பாதுகாப்பு ஆய்வாளர். மூன்று வாரத்துக்கு முன்பு அந்தக் கிடங்கில் ஏழு மீட்டர் உயர இரும்பு அடுக்கு ஒன்று சரிந்தது. சேமிசி என்ற டோங்கா தீவுக்காரரின் இரண்டு கால்களும் நொறுங்கிவிட்டன. மூன்று பிள்ளைகளுக்குத் தகப்பன். இன்னும் ஆஸ்பத்திரியில் இருக்கிறார்.

அடுக்கின் ஒரு கால் முன்பே வளைந்திருந்ததை ஆய்வாளர் கவனிக்கவில்லை என்கிறது கம்பெனி. கவனித்தேன், எழுதிக் கொடுத்தேன் என்கிறார் திருமாறன். மேலாளர் சிவசாமி அந்தத் தாளை வாங்கிப் படித்து, அதன் அடியிலேயே பேனாவால், தமிழில், ஒரு வரி எழுதித் திருப்பித் தந்தாராம். 'ஈஸ்டர் வரைக்கும் சுமையை இறக்க வேண்டாம், நான் பார்த்துக்கொள்கிறேன். சிவா.' அலுவலகத்தில் மற்றவர்கள் படித்துவிடக் கூடாது என்பதற்காகத் தமிழ். அந்தத் தாள் இப்போது ஃபைலில் இல்லை. திருமாறன் கைபேசியில் எடுத்த ஒரே ஒரு படம்தான் மிச்சம்.

அந்தப் படமும் இப்போது இல்லை. திருமாறன் கைபேசியில் எடுக்கிற எதுவும் அன்றிரவே கராஜிலுள்ள சேமிப்புப் பெட்டிக்குப் போய்விடும், கைபேசியிலிருந்து அழிந்துவிடும். மாத வாடகைக்கு யாரோ ஒருவனின் சர்வரில் குடியிருக்க மாட்டேன் என்று அவரே தேடித்தேடி அமைத்துக்கொண்ட ஏற்பாடு. படம் அதில் பத்திரமாக இருக்கிறது என்று அலுவலகத்திலும் சொல்லியிருக்கிறார். நேற்று மாலை படத்தை எடுக்கப் போனால், புத்தம்புது மெஷின் மாதிரி, உங்கள் பெயர் என்ன என்று பெட்டி அவரையே கேட்டிருக்கிறது. உள்ளே ஒன்றுமே இல்லை.

இன்று மூன்று மணிக்கு அரசாங்க அதிகாரி முன்னால் விசாரணை. படம் இல்லாவிட்டால் சேமிசியின் கால்கள் திருமாறன் கணக்கில் சேர்ந்துவிடும். வேலை போகும், உரிமம் போகும், வழக்கும் வரலாம்.

"அதெல்லாம் கூட பரவால்ல," என்றார் திருமாறன். "நேத்து ராத்திரி எனக்கே சந்தேகம் வந்துருச்சு. நெசமா எழுதிக் குடுத்தேனா, கனவு கண்டேனான்னு."

குலசிங்கம் நடையை நிறுத்தி அவரைப் பார்த்தார். பிறகு பெட்டியைப் பார்த்தார்.

செருப்புப் பெட்டியைவிடக் கொஞ்சம் பெரிய கறுப்புப் பெட்டி அது. முன்பக்கம் ஹார்ட் டிஸ்க் வட்டு செருக நான்கு தட்டுகள். நாங்கள் கொஞ்சம் சத்தம் போட்டுத்தான் பேச வேண்டியிருந்தது, ஏனென்றால் அதன் விசிறி அப்படி இரைந்தது. வலது மூலையில் சந்தனம், நடுவில் குங்குமம். அந்த வீட்டில் அது ஆச்சரியமே இல்லை. வாஷிங் மெஷின், புல்வெட்டும் மெஷின், ரவுட்டர், கராஜ் கதவைத் திறக்கும் மோட்டார், எல்லாவற்றுக்கும் பொட்டு இருந்தது.

"டோஸ்டருக்குக்கூட வச்சிருக்காங்க சார். ரொம்ப நேரம் அசையாம நிக்காதீங்க, உங்களுக்கும் வச்சிருவாங்க."

"நீர் அந்தப் பட்டியலை வாசியும்."

சுவரில் ஒரு காகிதம் ஒட்டியிருந்தது. பெட்டியைக் கட்டுவதற்கு வேண்டிய சாமான்களின் பட்டியல், அழகான கையெழுத்தில் ஏழு வரிகள். எழுதியவர் நரேந்திரன், திருமாறனின் பள்ளித் தோழர், ஒடாஹுஹுவில் கம்ப்யூட்டர் பழுது பார்க்கும் கடை வைத்திருப்பவர். பிப்ரவரியில் வந்து பாகங்களைப் பூட்டிப் பெட்டியாக்கிக் கொடுத்ததும் அவர்தான்.

படிக்கப் படிக்க எனக்கு எழுதிய ஆள்மேல் மரியாதை வந்தது. கடையில் தயாராக விற்கிற பெட்டியை வாங்கியிருந்தால் ஒரு வரியில் முடிந்திருக்கும். இந்த மனிதர் ஒவ்வொன்றையும் தனித்தனியாகப் பொறுக்கியிருந்தார். மின்சாரம் அதிகம் குடிக்காத சின்ன போர்டு. பதிவில் விழும் பிழையைத் தானே கண்டுபிடித்துத் திருத்தும் மெமரி. ஐந்தாவது வரியில் ஒரு கம்பெனி வட்டு, ஆறாவது வரியில் வேறொரு கம்பெனி வட்டு, வேறொரு கடையில். ஏழாவது வரி பேனாவால் அடிக்கப்பட்டிருந்தது.

"இது என்ன, அடிச்சிருக்கு?" என்று கேட்டேன்.

"அது நரேன் ரொம்ப ஓவரா போனது. ரெண்டு வட்டுலயும் ஒரே விஷயம்தான் எழுதுது, ஒண்ணு செத்தா இன்னொண்ணு இருக்கு. அதுக்கு மேல மூணாவது ஒண்ணு வாங்கி, வீட்டுக்கு வெளிய எங்கயாவது வைக்கணும்னான். பைத்தியமான்னு கேட்டு நான்தான் அடிச்சேன்."

"சாமான் எல்லாம் இஞ்ச வந்துதோ?" குலசிங்கம் கேட்டார்.

"இல்ல லா. பகல்ல வீட்ல ஆள் இல்ல, கூரியர்காரன் மழையில வாசல்ல வச்சிட்டு போயிருவான். ஆபீஸுக்கு வரவச்சேன். ஒவ்வொண்ணா வர வர ஒரே கிண்டல். ராக்கெட் கட்றியான்னு ஒருத்தன். 'உன் சம்சாரம் இதுக்கும் பொட்டு வச்சாச்சா'ன்னு சிவசாமி அண்ணன். நானும் சிரிச்சிட்டு விட்டுட்டேன்."

நான் முன்பக்கத் தட்டுகள் இரண்டை இழுத்தேன். உள்ளே இருந்த வட்டுகள் இரண்டும் ஒரே கம்பெனி. எண்களைப் பார்த்தேன். ஒன்று முப்பத்தேழில் முடிந்தது, மற்றது முப்பத்தெட்டில்.

"சார், இது இரட்டைப் பிள்ளைங்க. ஒரே நாள், ஒரே கடை. பட்டியல்ல இருக்கறது ஒண்ணுவிட்ட சொந்தம்கூட இல்ல."

"அப்ப வட்டை ஆரோ மாத்திப்போட்டான்." குலசிங்கம் மறுபடி நடக்க ஆரம்பித்தார். "பெட்டி இந்த வீட்டுப் பெட்டிதான், பொட்டு கிடக்கு. உள்ளுக்கு மட்டும் கை வைச்சிருக்கு. உள்ளுக்கு என்ன இருக்கெண்டு தெரிஞ்ச ஆள் ஆர்?"

திருமாறன் சுவரிலிருந்த கையெழுத்தைப் பார்த்தார்.

"எங்க கம்பெனி லேப்டாப் எல்லாம் ரிப்பேர் பண்றது அவன் கடைதான்," என்றார் கடைசியில். "சிவசாமி அண்ணன்தான் அந்த வேலைய குடுத்தாரு. இன்னிக்கு காலைல ஏழு மணிக்கு நரேனுக்கு போன் போட்டேன். திருட்டுப்பயலேன்னு கேட்டுட்டேன். நாலாம் வகுப்புல இருந்து ஒண்ணா படிச்சோம்."

அப்போது அவர் மனைவி யுவனேஸ்வரி தேநீரும் ஒரு பை நிறைய ஃபீஜோவாவும் கொண்டுவந்தார். ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுப்பவர். கண்ணைச் சுற்றிக் கறுத்திருந்தது.

"நீங்க ரெண்டு பேரும் பசியாறிட்டீங்களா? நான் தூங்கி நாலு நாளாச்சு. இந்தச் சுவருக்கு அந்தப் பக்கம்தான் எங்க ரூம். ஞாயித்துக்கிழமையில இருந்து இதே இரைச்சல்."

"சனிக்கிழமை என்ன நடந்தது?" என்றார் குலசிங்கம்.

"புது வருஷ விருந்து. நாப்பது பேர். இவரு இருக்கற இருப்புக்கு வேணாம்னேன். எல்லாரும் ஆறுதலா இருக்கும்னாங்க. நரேன் வந்தான், சிவசாமி அண்ணன் பெரிய ஐஸ் பெட்டி நிறைய குளிர்பானம் கொண்டு வந்தாரு. குடிக்கற சாமான் எல்லாம் இங்கதான் வச்சிருந்தோம், எல்லாரும் வந்து வந்து எடுத்துக்கிட்டாங்க."

தேநீரை வைக்கும்போது அவர் கண் பெட்டியின் மூலையில் ஒரு நொடி நின்றது. ஏதோ கேட்க வந்த மாதிரி இருந்தது. கணவரின் முகத்தைப் பார்த்துவிட்டுக் கேட்காமல் போய்விட்டார். மனிதர்கள் எனக்கு விளங்காது என்று சொன்னேன் அல்லவா, நான் அதை மறந்துவிட்டேன்.

"பெட்டியைத் தூக்கும், பூங்கோதை. நரேந்திரனிட்ட போவம்."

*

இருபதாம் நெடுஞ்சாலையில் மழை, அதற்குமேல் ரோடு வேலை. குலசிங்கம் ஸ்டியரிங்கில் விரலால் தாளம் போட்டார். கார் முழுக்க ஃபீஜோவா வாசனை. மடியில் பெட்டியை வைத்துக்கொண்டு நான் உட்கார்ந்திருந்தேன். பன்னிரண்டரைக்குத்தான் ஒடாஹுஹு வந்தது.

நரேந்திரனின் கடை ஒரு துணிக்கடைக்கும் வெண்ணெய்ப்பழம் விற்கும் ஒரு காய்கறிக் கடைக்கும் நடுவில் ஒடுக்கமாக இருந்தது. உள்ளே ஒல்லியான ஒரு மனிதர், நெற்றியில் விளக்கு மாட்டிக்கொண்டு எதையோ பற்றவைத்துக்கொண்டிருந்தார். குலசிங்கம் திருமாறன் பெயரைச் சொன்னதும் விளக்கை அணைத்தார்.

"வெளிய போங்க."

"தம்பி, இரண்டு நிமிசம் கதைக்கவேணும்."

"காலைல அவன் பேசினான், நான் கேட்டுட்டேன். இதுக்கு மேல பேச ஒண்ணும் இல்ல. கதவு உங்களுக்குப் பின்னாலதான் இருக்கு."

குலசிங்கம் எத்தனையோ கொலைகாரர்களிடம் பேசியிருப்பதாகச் சொல்வார். கோபித்துக்கொண்ட சிநேகிதனிடம் பேச அவருக்குத் தெரியவில்லை. என்னைப் பார்த்தார். எனக்குத் தெரிந்தது ஒன்றுதான். பெட்டியை அவர் மேசைமேல் வைத்து, பிளக்கைச் சொருகினேன். இரைந்தது.

"பட்டியலைப் பார்த்துட்டுப் பெரிய ஆளுன்னு நினைச்சேங்க," என்றேன். "கட்டினதைப் பார்த்தா மிக்ஸி ரிப்பேர்காரர் மாதிரி இருக்கு. பெட்ரூம் சுவருக்குப் பக்கத்துல யாராவது இப்படி ஒரு ஃபேனைப் போடுவாங்களா?"

நரேந்திரனின் முகம் சிவந்தது. எழுந்து வந்து பெட்டியின்மேல் காதை வைத்தார்.

"இது என் ஃபேன் இல்ல."

ஸ்க்ரூ டிரைவரை எடுத்தார். எங்களை வெளியே போகச் சொன்னது அவருக்கு மறந்துவிட்டது. மேல்மூடி கழன்றது.

"என் ஃபேன் மெதுவா சுத்தறது. யுவனேஸ்வரி அக்காவுக்கு நைட் ஷிஃப்ட் இருக்கும், பகல்ல தூங்குவாங்கன்னு அதுக்கே மூணு நாள் தேடினேன். மெமரிய பாருங்க, சாதா மெமரி. போர்டும் வேற. பவர் சப்ளை இருக்கறதுலயே மட்டமானது." தட்டுகளை இழுத்தார். "ரெண்டும் ஒரே வட்டு. ஒரே கடையில ஒரே நாள்ல வாங்கினா ஒரே லாரியில வந்திருக்கும், ஒரே குழியில விழுந்து எழுந்திருக்கும், ஒரே வாரத்துல ரெண்டும் சாகும். இத அவனுக்கு மண்டையில ஏத்த எனக்கு ஒரு சனிக்கிழமை பூரா ஆச்சு. நானா இத வாங்குவேன்?"

"வட்டு மட்டும் இல்ல சார்," என்றேன். "மொத்தப் பெட்டியும் வேற. வெளித்தோல் மட்டும்தான் ஒண்ணு. ஆபீஸுக்கு வந்த அட்டைப்பெட்டி மேல இருக்கற படத்தைப் பார்த்து வாங்கியிருக்காங்க."

குலசிங்கத்தின் கால் ஆடுவது நின்றது. "அப்ப பொட்டு?"

நாங்கள் மூவரும் அந்த மூலையைப் பார்த்தோம். சந்தனம் காய்ந்து விளிம்பில் லேசாக வெடித்திருந்தது.

"நான் பூட்டிக் குடுத்தப்ப பொட்டெல்லாம் இல்ல," என்றார் நரேந்திரன்.

"பிறகு அந்தப் பிள்ளை வைச்சிருக்கும்."

"வைச்சாலும் அது அந்தப் பெட்டியிலல்ல இருக்கணும் சார்?" என்றேன். "இது வேற பெட்டி. இதுக்கு யாரு வச்சா?"

குலசிங்கம் கைபேசியை எடுத்து லின்ஃபீல்டுக்குப் போட்டார், ஸ்பீக்கரில். மணி ஒன்று பத்து.

"பிள்ளை, அந்தப் பெட்டிக்கு எப்ப பொட்டு வைச்சனீங்கள்?"

எடுத்தது யுவனேஸ்வரி. "அதத்தான் காலைலயே கேக்க வந்தேன். நான் வைக்கவே இல்லியே. பிப்ரவரியில இவரு சித்தப்பா ஈப்போவுல தவறிட்டாரு. பதினாறு நாள் தீட்டு, வீட்ல வெளக்கே ஏத்தல. அந்தப் பதினாறு நாளுக்குள்ளதான் நரேன் வந்து பூட்டினான். எதுக்குமே நான் முதல்ல ஆன் பண்றதுக்கு முன்னாடிதான் பொட்டு வைப்பேன், ஓட ஆரம்பிச்சதுக்கு அப்புறம் வைக்க மாட்டேன். அதனால அது ஒண்ணுதான் இந்த வீட்ல பொட்டில்லாத சாமான். இன்னிக்கு பாத்தா பொட்டு இருக்கு. நரேன்தான் வச்சிருப்பான்னு நினைச்சேன்."

"சித்தப்பா செத்தது வெளியில ஆருக்குத் தெரியும்?"

"யாருக்கும் தெரியாது. இவரு லீவுகூட எடுக்கல. நரேனுக்கு மட்டும் சொன்னோம்."

குலசிங்கம் கண்ணை மூடிக்கொண்டார். நான் பார்த்து அவர் முகம் அவ்வளவு சந்தோஷமாக இருந்தது இரண்டாவது தடவை. முதல் தடவை வருமான வரி திரும்பி வந்தபோது.

"நல்ல மூளை அவனுக்கு," என்றார். "அந்த வீட்டில பொட்டில்லாமல் ஒரு சாமானும் இல்லை. பொட்டில்லாத பெட்டியை வைச்சால் முதல் நாளே பிடிபட்டிடும் எண்டு வீட்டிலயே சந்தனம் குழைச்சு வைச்சுக்கொண்டு வந்திருக்கிறான். வெள்ளைக்காரனுக்கு இந்த யோசனையே வராது. தமிழன், அந்த வீட்டுக்குப் போய்வாற தமிழன். ஆனால் தீட்டு நடந்தது தெரியாத தமிழன். நரேந்திரனுக்குத் தீட்டுத் தெரியும், அவன் வைச்சிருக்கமாட்டான்." கைபேசிப் பக்கம் குனிந்தார். "பிள்ளை, அந்தக் குளிர்பானப் பெட்டியைத் திரும்ப ஆர் தூக்கிக்கொண்டு போனது?"

"சிவசாமி அண்ணனேதான். இவரு ஒரு பக்கம் பிடிக்கப் போனாரு. வேணாம், காலிப் பெட்டிதானேன்னாரு. ஆனா ரெண்டு கையாலயும் தூக்கிட்டுப் போனாரு." சொல்லும்போதே அவருக்கு விளங்கிவிட்டது. "ஐயோ, அந்த மனுஷன் எங்க வீட்ல சோறு சாப்ட்டாரு."

கிண்டல் என்று நினைத்தது கிண்டல் இல்லை. 'உன் சம்சாரம் இதுக்கும் பொட்டு வச்சாச்சா' என்று பிப்ரவரியில் கேட்டு, ஏப்ரலில் அதைப் பயன்படுத்தியிருக்கிறார். திருமாறன் அன்று சிரிக்காமல் உண்மையைச் சொல்லியிருந்தால் இந்தப் பொட்டே இருந்திருக்காது.

"ஆள் கிடைச்சாச்சு சார். படம் கிடைக்கலையே," என்றேன். "அசல் பெட்டி இந்நேரம் கடலுக்கடியில இருக்கும். பொட்டை மட்டும் காட்டினா அதிகாரி நம்மளைத்தான் ஆஸ்பத்திரிக்கு அனுப்புவாங்க."

குலசிங்கம் நரேந்திரனைப் பார்த்தார். "தம்பி, உம்மட பட்டியலில ஏழாவது வரி ஒண்டு இருந்தது."

நரேந்திரன் திரும்பி உட்கார்ந்தார். அவர் மேசையில் ஒரு திரை எரிந்துகொண்டிருந்தது. அதன் பக்கத்தில் உள்ளங்கை அளவில் ஒரு வட்டு, வயரோடு. திரையில் ஒரு சின்னக் கட்டம். எல்லாவற்றையும் அழிக்கவா, ஆம், இல்லை.

நான் மேசையை ஒட்டிப் போய் நின்றேன்.

"அவன் வேணாம்னு அடிச்சான். நானே ஒண்ணு வாங்கினேன்," என்றார். "மாசத்துல முதல் ஞாயிறு அங்க சாப்பாடு. சாப்ட்டுட்டு கராஜுக்கு போவேன், பிரதி எடுத்துக்குவேன். அவனுக்கு சொல்லல. சொன்னா சிரிப்பான். கடைசியா எடுத்தது ஈஸ்டர் ஞாயிறு."

தாள் எழுதப்பட்டது மார்ச் கடைசியில். படம் அந்த வட்டில் இருந்தாக வேண்டும்.

"காலைல போன வச்சதும் அழிக்க உக்காந்தேன். இவ்ளோ நாள் அவன் குடும்பத்துப் படம், அவன் பிள்ளைங்க படம் எல்லாத்தையும் பத்திரமா வச்சிருந்தேன். திருட்டுப்பயன்னுட்டான்." ஆள்காட்டி விரல் மவுஸின்மேல் இருந்தது. "ஏழரைல இருந்து இந்தக் கேள்வி கேட்டுக்கிட்டே நிக்குது."

"அழுத்தினால் அவன் மட்டும் போகமாட்டான் தம்பி," என்றார் குலசிங்கம். "கால் நொறுங்கிக் கிடக்கிற அந்த மனுசனிட்டயும் ஆர் செய்தது எண்டு பொய்தான் சொல்லப்படும்."

"தெரியும் சார். அதான் இன்னும் அழுத்தல. ஆனா இல்லைன்னும் அழுத்த முடியல."

நான் யாரையும் கேட்கவில்லை. லின்ஃபீல்டு இணைப்பு இன்னும் துண்டிக்கப்படாமல் இருந்தது. கைபேசியை நரேந்திரன் முன்னால் தள்ளி வைத்து, "திருமாறன் சார், கேட்டுக்கிட்டுதானே இருக்கீங்க?" என்றேன்.

அந்தப் பக்கம் மூச்சு கேட்டது. மணி ஒன்று இருபத்தைந்து. குலசிங்கம் வாசலுக்கும் மேசைக்குமாக இரண்டு தடவை போய்வந்தார்.

"மச்சான்," என்றது குரல். அப்புறம் மறுபடி மூச்சு. "காலைல இருந்து ஏதாவது சாப்ட்டியா நீ?"

நரேந்திரன் மூக்கை உறிஞ்சினார். "இல்ல."

"நானும் இல்ல. என்னை மன்னிச்சிரு மச்சான்."

நரேந்திரன் 'இல்லை'யை அழுத்தினார். கட்டம் மறைந்தது.

*

மூன்று மணிக்கு நாலு நிமிடம் இருக்கும்போது நரேந்திரனோடு மவுண்ட் வெல்லிங்டனில் இருந்தோம். திருமாறனும் யுவனேஸ்வரியும் நேரே வந்திருந்தார்கள். கூட்ட அறையில் நீள மேசை. தலைப்பக்கம் நரைத்த குட்டை முடியுள்ள அதிகாரி. அவருக்கு வலப்பக்கம் சிவசாமி. கஞ்சி போட்ட சட்டை, கோயில் கமிட்டித் தலைவருக்குரிய புன்னகை. திருமாறனைப் பார்த்ததும் எழுந்து வந்து தோளைத் தட்டினார்.

"பயப்படாத தம்பி. மிஷின் கெட்டுப் போறது சகஜம்."

மிஷின் கெட்டுப்போனதை அவரிடம் யாரும் சொல்லவில்லை. குலசிங்கம் என்னைப் பார்த்தார், நான் அவரைப் பார்த்தேன். நான் பெட்டியை மேசைமேல் வைத்தேன்.

"இது இவற்ற பெட்டிதானோ எண்டதில எனக்கு ஒரு சின்னச் சந்தேகம்," என்று ஆரம்பித்து, குலசிங்கம் அதையே அதிகாரிக்கு ஆங்கிலத்தில் சொன்னார்.

"சந்தேகமே வேண்டாம்," என்று சிவசாமி முந்திக்கொண்டார், அவரும் ஆங்கிலத்தில். "நானே பார்த்திருக்கிறேன். இந்தக் குறியைப் பாருங்கள். இவர் மனைவி பிப்ரவரியில், மெஷின் வந்த அன்றே வைத்தது. எங்கள் வழக்கம் அது."

அதிகாரி எழுதிக்கொண்டார். எழுதி முடிக்கும்வரை குலசிங்கம் காத்திருந்தார். பிறகு யுவனேஸ்வரியைப் பார்த்து, "சொல்லுங்கோ பிள்ளை," என்றார்.

யுவனேஸ்வரி சொன்னார். சித்தப்பா, பதினாறு நாள், ஏற்றாத விளக்கு, வைக்காத பொட்டு. ஆங்கிலத்தில் தீட்டு என்பதற்குச் சரியான வார்த்தை கிடைக்காமல் தடுமாறினார், ஆனால் அதிகாரிக்கு விஷயம் புரிந்துவிட்டது. எழுதியதைத் திருப்பிப் படித்துவிட்டு சிவசாமியை நிமிர்ந்து பார்த்தார். சிவசாமி, சாவு நடந்தது எனக்குத் தெரியாதே என்று தமிழில் சொன்னார். யாரையும் பார்த்துச் சொல்லவில்லை.

நரேந்திரன் வட்டை எடுத்து லேப்டாப்பில் சொருகப் போனார்.

"இரு நரேன்," என்றார் யுவனேஸ்வரி. கைப்பையிலிருந்து ஒரு காகிதப் பொட்டலத்தைப் பிரித்து, மோதிர விரலால் வட்டின் மூலையில் குங்குமம் வைத்தார். "இப்ப போடு."

அதிகாரி அதையும் குறித்துக்கொண்டார்.

திரையில் படம் வந்தது. ஆங்கிலத்தில் அச்சடித்த ஒரு பக்கம், வளைந்த காலின் அளவுகள், தேதி, திருமாறன் கையெழுத்து. அடியில், நீலப் பேனாவில், சாய்வாக ஒரு வரி. திருமாறன் மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டார். கனவு இல்லை என்று அவருக்கே இப்போதுதான் தெரிந்தது.

"இது என்ன மொழி?" என்று கேட்டார் அதிகாரி.

"தமிழ்," என்றேன்.

"என்ன எழுதியிருக்கிறது என்று யாராவது சொல்ல முடியுமா?"

அறையில் தமிழ் தெரிந்தவர்கள் ஆறு பேர் இருந்தோம். ஐந்து பேர் ஒன்றும் சொல்லாமல் ஆறாவது ஆளைப் பார்த்தோம்.

"கண்ணாடி கொண்டு வரல," என்றார் சிவசாமி.

"சட்டைப் பையில இருக்குண்ணே," என்றார் யுவனேஸ்வரி.

அவர் கை பைக்குப் போனது. கண்ணாடியை எடுத்தார், துடைத்தார், மறுபடி துடைத்தார், மாட்டிக்கொண்டார். 'ஈஸ்டர் வரைக்கும்' என்று அவர் குரல் ஆரம்பித்தபோது, குலசிங்கம் சுவரோரமாக இருந்த ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். படித்து முடியும்வரை எழுந்திருக்கவே இல்லை.